சுவரின் மணிக்கட்டு

"ஸ்டீராய்டு ஊசி இதுவரைக்கும் எத்தனை போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் கை அறுவை மருத்துவர்.

"ஒண்ணுகூட இல்ல, டாக்டர்."

அவர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு, அவளுடைய வலது கையைத் தன் பக்கம் இழுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் பட்டாணி அளவுக்குத் தோல் வெளுத்து, மெலிந்து, குழி விழுந்திருந்தது. பேனாவின் மூடியை அந்த இடத்தில் வைத்தார்.

"அப்ப இது என்ன?"

"சின்ன வயசுல சத்து ஊசி போட்ட இடம்."

"சத்து ஊசியா? மணிக்கட்டுலயா?"

"சத்து எங்க வேணுமோ அங்கதானே போடணும்னு சொன்னாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு ஃபைனலுக்கும் முன்னாடி. பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சு இருபத்திரண்டு வரைக்கும். நான் எண்ணல."

"யாரும்மா போட்டது?"

"டென்னிஸ் சங்கத்து கம்பவுண்டர். அப்பா கூட்டிட்டுப் போவாரு."

மருத்துவர் அந்த வெள்ளைக் குழியை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற கயிறு இது. வீக்கம் வந்தா அந்த மருந்தை ஒரு தடவை போடலாம், தப்பில்ல. அதே இடத்துல திரும்பத் திரும்பப் போட்டா கயிறு நைஞ்சுபோகும். வலி மட்டும் தெரியாது. வலி தெரியாததால நீங்க இன்னும் ஓங்கி அடிப்பீங்க. உங்களுக்கு இருந்தது பிறவிக் கோளாறு இல்லம்மா. தோலைப் பாத்தாலே தெரியுது."

வேறொரு விரலிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் திருப்பி ஒட்டலாம், சாவி திருப்பலாம், துணி பிழியலாம், ஆனால் மட்டை பிடிக்க முடியாது என்று அவர் மேலும் சொன்னார். அது எதுவும் அவள் காதில் விழவில்லை. போன வாரம் தங்கை மகளின் வலது மணிக்கட்டில் பார்த்த சின்ன பிளாஸ்திரிதான் கண்முன் நின்றது. "சத்து ஊசி பெரியம்மா, தாத்தா போடச் சொன்னாரு. ஞாயித்துக்கெழமை மறுபடி போடணுமாம். போகப் போக ரொம்ப வலிக்குமா?" என்று அந்தப் பதினான்கு வயதுப் பெண் கேட்டிருந்தாள். "சீ, பயந்தாங்கொள்ளி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், தைரியமா போட்டுக்கோ" என்று சொன்னது வேறு யாருமல்ல, அவளே.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு இறுதிப் போட்டி.

அந்த ஊர் டென்னிஸ் கிளப்பில் அவளைச் சுவர் என்றால்தான் தெரியும். அவளுடைய அப்பா அங்கே ஆடுகளக்காரர். விடிவதற்குள் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, இரும்பு உருளையை இழுத்து, நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். கிளப்பில் ஆறு ஆடுகளங்கள். ஆறிலும் ஊழியர்களின் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். சட்டம் போட்ட புண்ணியவான்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்: ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், காரை பெயர்ந்து நின்ற பயிற்சிச் சுவர்.

ஏழு வயதில், யாரோ உறுப்பினர் தரையில் அடித்து உடைத்துப்போட்ட மட்டையை அப்பா கம்பி சுற்றி இறுக்கிக் கொடுத்தார். அவள் சுவரோடு ஆடினாள். சுவர் எந்தப் பந்தையும் விடாது. பல்லைக் காட்டாது, பரிதாபப்படாது, அடித்ததைத் திருப்பித் தரும். நான்கு வருடம் அவளுக்கு வாத்தியாரும் எதிராளியும் அதுதான்.

பதினோரு வயதில் ஒரு நாள், உறுப்பினர் மகன் ஒருவனுக்கு ஜோடி வரவில்லை. "ஏய், வா, சும்மா பந்தைத் திருப்பிப் போட்டா போதும்" என்று அவளைக் கூப்பிட்டான். அவள் சொன்னபடியே செய்தாள். இரண்டு மணி நேரம் திருப்பிப் போட்டாள். அவன் மூச்சு வாங்கி உட்கார்ந்து, "இது பொண்ணே இல்லடா, செவுரு!" என்று கத்திவிட்டு மட்டையை வீசியெறிந்தான். ஏளனமாகத்தான் சொன்னான். ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதன் பிறகு அவள் ஜெயிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அதிர்ஷ்டம் என்றார்கள், நேரம் என்றார்கள், பிறவி வரம் என்றார்கள். ஜெனரேட்டர் புகைக்குள் நின்று அவள் அடித்த அடிகளை ஒருவரும் எண்ணவில்லை. ஜெயித்தபோது பிறவி வரம். கை அறுந்தபோது பிறவிக் கோளாறு. நடுவில் அவள் உழைத்ததும் இவர்கள் செய்ததும் காணாமல் போயிற்று. இந்த நாட்டில் கெட்டிக்காரர்கள் எதையும் மறைக்க வேண்டுமானால் அதைப் பிறப்பின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பதினைந்து வயதில் முதல் பெரிய போட்டி. அரையிறுதி முடிந்ததும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சங்கத்து டாக்டர் ஒரு ஊசி போட்டு, "ஒரு தடவைதான். அப்புறம் மூணு மாசம் மட்டையைத் தொடக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் இறுதிப் போட்டியில் அவள் நேர் செட்டில் ஜெயித்தாள். அன்றைக்கு அப்பா நீலச் சட்டை போட்டிருந்தார். மூன்றாம் வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது செட்டில் ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்தார்.

டென்னிஸ்காரர்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. ஜெயித்த நாளில் என்ன செய்தார்களோ அதை அச்சுப் பிசகாமல் மறுபடி செய்வார்கள். கோட்டை மிதிக்காமல் தாண்டுகிறவன் உண்டு. அதே குழாயடியில்தான் குளிப்பேன் என்று வரிசையில் நிற்கிறவள் உண்டு. போட்டித் தொடர் முடியும்வரை காலுறையைத் துவைக்காதவன் உண்டு. அவனால் கெடுவது பக்கத்தில் நிற்பவன் மூக்கு மட்டும்தான். அப்பாவும் அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்: நீலச் சட்டை. மூன்றாம் வரிசை, தூண். ஆரஞ்சு. ஊசி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இந்தக் காக்கையின் அலகில் ஒரு ஊசி இருந்தது.

பதினெட்டு வயதில் நாட்டின் சாம்பியன். அதற்கடுத்த மூன்று வருடங்களும் அவளேதான். கால் வைக்கக் கூடாது என்ற கிளப்பிலேயே அவள் பெயரைத் தங்க எழுத்தில் பலகையில் எழுதினார்கள். எழுதிய நாளிலும் அப்பா பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கு முன்பும், வீக்கம் இருக்கிறதோ இல்லையோ, ஊசி. டாக்டர் ஒப்பமாட்டார் என்பதால் கம்பவுண்டர் போட்டார். மருந்து சங்கத்து அலமாரியிலிருந்து வந்தது. அலமாரிச் சாவி செயலாளரிடம் இருந்தது. "ஓடுற குதிரைக்குக் கொள்ளு வைக்கிறதில்லையா? சத்து ஊசிதான்மா" என்று அவளிடம் சொன்னவரும் அவரே. அப்பாவாவது நம்பினார். இவருக்குத் தெரியும். அறியாமையை மன்னிக்கலாமா என்று வாதாடலாம். தெரிந்து செய்ததை வாதாட என்ன இருக்கிறது?

ஐந்தாவது தேசிய இறுதிப் போட்டி. அவளுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாவது செட்டில் சர்வீஸ் போட்டபோது 'டிக்' என்று ஒரு சத்தம். மட்டையின் நரம்பு அறுந்துவிட்டது என்று நினைத்தாள். நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. இருந்தும் நாற்காலிக்குப் போய் வேறு மட்டையை எடுத்தாள். அது கையில் நிற்கவில்லை, நழுவிக் காலடியில் விழுந்தது. கட்டைவிரல் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வலிக்கவே இல்லை என்பதுதான் அவளைத் திகைக்க வைத்தது.

மூன்றே வாரத்தில் சங்கம் சான்றிதழ் கொடுத்தது: பிறவிப் பலவீனம். கூடவே குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் ஒரு வேலை. பதினோரு வருடமாக அவள் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டு, எந்தத் தெருவில் குழாய் உடைந்தது என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். "சாம்பியன் மேடம், எங்க தெருத் தண்ணியையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். வீட்டில் ஈரத் துணியைப் பிழிய முடியாது. குழாய்மேல் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டுக் காத்திருப்பாள். 'என் எலும்பு அப்படி, யாரை நொந்து என்ன' என்பதே பதினோரு வருடமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மருத்துவமனையிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். அப்பா அங்கேதான் இருக்கிறார். சமையலறை மேசையில் சர்க்கரை போடாத டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது.

"அப்பா, எனக்கு மொத்தம் எத்தனை ஊசி போட்டீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. மகள் இத்தனை வருடம் கழித்துப் பழைய கதை கேட்கிறாள்! அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். அட்டை கிழிந்து, தைத்து, மறுபடி அட்டை போட்டிருந்தது.

"பதினேழு ஃபைனல். பதினேழு ஊசி. ஒண்ணுகூடத் தவறலம்மா. படிக்கிறேன் கேளு. நீலச் சட்டை, தூண், ஆரஞ்சு, ஊசி. நீலச் சட்டை, தூண், ஆரஞ்சு, ஊசி. இதோ, இந்த ஃபைனலுக்கு ஆரஞ்சு கிடைக்காம எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா! ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நோயாளியைப் பாக்க வந்தவர்கிட்ட கெஞ்சி வாங்கினேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கேட்கப்போன கேள்விக்கு அவர் மறுக்கவில்லை, மழுப்பவில்லை. பெருமையாக ராகம் போட்டு வாசிக்கிறார்.

"என் கை அறுந்த அன்னிக்கு என்ன சட்டைப்பா போட்டிருந்தீங்க?"

"அது... நீலம்தான்."

"ஆரஞ்சு?"

"உரிச்சேன்."

"ஊசி?"

"போட்டோமே."

"அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

அப்பா நோட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "அது ஜெயிக்கலையேம்மா. ஜெயிச்சதைத்தான் எழுதுவேன்."

"தோத்ததை எழுதவே இல்லையா? ஒண்ணுகூட?"

"தோல்வியை எவனாவது எழுதி வைப்பானா?"

அவள் மருத்துவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மணிக்கட்டைக் காட்டினாள். அப்பா டீ தம்ளரை வைத்தார்.

"டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் பெத்த பொண்ணுக்கு நானே விஷம் வைப்பேனா?"

"தெரிஞ்சு வச்சீங்கன்னு நான் சொல்லலப்பா. அவளுக்கு எத்தனை போட்டாச்சு?"

"ரெண்டு. ரெண்டுமே ஜெயிச்சா."

"அவளுக்குக் கை வீங்கியிருந்துச்சா?"

"வீங்கினாத்தான் போடணுமா? வரும் முன் காக்கிறதுதானே." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழமை நீ வர வேணாம். நீ வந்து பாத்த ரெண்டு மேட்ச்சும் நோட்டுல இல்ல."

அதாவது அவள் வந்த இரண்டு போட்டிகளிலும் பேத்தி தோற்றிருக்கிறாள். தங்க எழுத்தில் பெயர் உள்ளவள் அப்பாவின் நோட்டில் அபசகுனமாக இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்கூட அப்போது வரவில்லை. தலையில் கட்டையால் அடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கைக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே தங்கை கத்தினாள்: "உன்னைய சாம்பியன் ஆக்கினவர்க்கா அவரு! அவருக்குத் தெரியாததா? ஞாயிறு முடியட்டும், பேசிக்கலாம்."

ஞாயிறு முடிந்த பிறகு பேச என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கிளப்புக்குப் போனாள். முன்வாசல் வழியாகவே போனாள். ஆடுகளத்தில் ஈர மண் வாசனை. உறுப்பினர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று, "குட்டிச்சுவர் இன்னிக்கு ஜெயிச்சிடும்பா" என்று பேசிக்கொண்டார்கள். தங்கை மகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. வைத்துவிட்டு அவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மருத்துவ அறை என்பது ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், கதவில்லாத ஒரு தடுப்பு. கம்பவுண்டர் பஞ்சில் மருந்து நனைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நீலச் சட்டையில், பையில் ஆரஞ்சு உப்பியிருக்க, நின்றிருந்தார். கட்டிலில் அந்தப் பெண் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில், பழைய பிளாஸ்திரி இருந்த இடத்தில், தோல் ஒரு கடுகளவு வெளுத்திருந்தது.

அவள் தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள்.

"கையை எடு" என்றாள்.

"பெரியம்மா? நீ ஏன் வந்த?" பெண்ணின் குரலில் உண்மையான பயம் இருந்தது. "தாத்தா, பெரியம்மா வந்துட்டாங்களே!"

"ஏம்மா, மேட்சுக்கு இருபது நிமிஷம் இருக்கு" என்றார் செயலாளர். "சென்டிமென்ட் எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். சாதாரண சத்து ஊசி."

"சத்து ஊசிதானே சார்?"

"ஆமா."

"அப்ப உங்க கையில போட்டுக்கோங்க. காலையில இருந்து ஓடியாடுறீங்க, பாவம். சத்து வேணுமில்ல?"

செயலாளர் சிரிக்க முயன்றார். கை மட்டும் பேன்ட் பைக்குள் போய்விட்டது.

"நீங்க போட்டுக்கிறீங்களா?" என்று கம்பவுண்டரைக் கேட்டாள். அவர் பஞ்சையே பார்த்தார்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அப்பா நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டார். வலது கையைக் கம்பவுண்டர் முன்னால் நீட்டினார்.

"எனக்குப் போடுய்யா. எல்லாரும் பாக்கட்டும். என் பொண்ணுக்கு நான் என்ன வச்சேன்னு அவளும் பாக்கட்டும்."

கம்பவுண்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

"போடு."

"வேணாம்ணே."

"ஏன்?"

"அண்ணே, உங்களுக்குச் சுகர் இருக்கு."

"இருந்தா என்ன?"

"இதைப் போட்டா எகிறிடும்ணே."

அப்பா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. "சத்து ஊசிக்கும் சுகருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

கம்பவுண்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரைப் பார்த்தார். சுவர் என்றால் காரைச் சுவர். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பதினெட்டு வருஷமா" என்றார் அப்பா. "பதினெட்டு வருஷமா என்கிட்ட என்னன்னுய்யா குடுத்த?"

"நீங்கதானேண்ணே வந்து வந்து கேட்டீங்க. செகரட்டரியும் குடுன்னாரு..."

அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேத்தியின் கையைத் தூக்கி, அந்தக் கடுகளவு வெள்ளையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்து அந்தக் குழியையும் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கம்பவுண்டர் கையிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டாள்.

"அதைக் குடும்மா" என்றார் செயலாளர்.

"சத்து ஊசிதானே சார். டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவரு என்ன சத்துன்னு எழுதித் தந்ததும் உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புறேன். பத்திரிகைக்காரங்களுக்கும்."

பெண்ணுக்கு எதுவும் முழுதாகப் புரியவில்லை. "ஊசி இல்லாம நான் தோத்துடுவேன்" என்று விம்மினாள். அவள் குனிந்து அந்தப் பெண்ணின் மட்டையை எடுத்துக் கொடுத்தாள். இடது கையால்.

"தோத்தா தோத்துட்டுப் போ. போய் ஆடு."

பெண் தோற்றாள். மூன்றாவது செட் வரை இழுத்து, நான்குக்கு ஆறு என்று தோற்றாள். இரண்டாவது செட்டை அவள் ஜெயித்தபோது மூன்றாம் வரிசைத் தூணோரம் காலியாக இருந்தது. அப்பா எங்கோ பின்வரிசையில், ஆரஞ்சை உரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தியா, சென்டிமென்ட்டை மாத்தினா இப்படித்தான்" என்று முன்னால் யாரோ உறுப்பினர் சொன்னது கேட்டது. எதிராளிக்குப் பதினாறு வயது, ஒரு சாண் உயரம் அதிகம், சர்வீஸ் இடிபோல் விழுந்தது என்பதெல்லாம் அவருக்குக் காரணமாகத் தெரியவில்லை. ஆரஞ்சுதான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் யாரோடும் பேசாமல் பெண்கள் உடைமாற்றும் அறைக்குள் ஓடினாள். பெரியம்மாவும் பின்னாலேயே போனாள். அப்பா வாசலில் நின்றுவிட்டார்.

"உன்னாலதான்!" என்று பெண் கத்தினாள். முகம் முழுக்கச் செம்மண்ணும் கண்ணீரும். "நீ வந்தாலே இப்படித்தான்! நீ எதுக்கு வந்த பெரியம்மா? உன்னை யாரு வரச் சொன்னா?"

பெண் குழாயைத் திறந்து, துண்டை நனைத்து, முகத்தை அழுத்தித் துடைத்தாள். மண் கரைந்து பேசினில் சிவப்பாக ஓடியது. பிறகு கோபம் தீராமல் அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். கழுத்தை நெரிப்பதுபோல் முறுக்கினாள். கடைசிச் சொட்டு வரை பிழிந்து, உதறி, பெரியம்மாவைப் பார்க்காமலே ஆணியில் மாட்டினாள்.

வாசலில் நின்ற அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். ஆணியில் தொங்கிய துண்டிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.